உப்பளத்துக்கு ஓர் ஒளி சென்சார்: பிளாஸ்டிக் ஃபைபரில் நீங்களே செய்யலாம்

தூத்துக்குடி உப்பளங்களில் ‘டிகிரி எத்தனை?’ என்ற கேள்வி காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். வெயிலின் டிகிரியைக் கேட்பதில்லை, உப்புநீரின் அடர்த்தியைக் கேட்கிறார்கள். பிரெஞ்சு மருந்தாளர் அந்த்வான் போமே 1768-இல் வகுத்த அளவுகோல் அது. வெறும் தண்ணீருக்கு 0, எடையில் 15 சதவீதம் உப்பு கரைந்த நீருக்கு 15 என்று அவர் வைத்ததால், டிகிரியும் உப்புச் சதவீதமும் இன்றைக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே போகின்றன. கடல்நீர் 3 டிகிரி சொச்சம். பாத்தி மாற்றிப் பாத்தி வெயிலில் காயும்போது 13 வாக்கில் ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். 25-இல் உப்பு விளையும். 29-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் கலந்து சரக்கு கசக்கும், காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். 25-க்கும் 29-க்கும் நடுவே நீரைப் பிடித்து வைப்பதில்தான் உப்பின் தரமே இருக்கிறது.

இதை அளக்க இன்றும் கண்ணாடி மிதவைதான் கையில் இருக்கிறது. நல்ல கருவி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் வரப்பில் நடந்துபோய், நீரை மொண்டு, குனிந்து பார்க்க வேண்டும். இரவில் என்ன ஆனது, திடீர் மழையில் எவ்வளவு இறங்கியது என்ற தொடர்ச்சியான கணக்கு கிடைக்காது. மின்கடத்து திறனை வைத்து அளக்கலாமே என்று தோன்றும். கடல்நீர் வரைக்கும் அது அருமையாக வேலை செய்யும். செறிவு கூடக் கூட அதன் வரைகோடு வளைந்து தட்டையாகிவிடும். உப்பு விளையும் இடத்தில்தான் நமக்கு நுணுக்கம் வேண்டும், அங்கேயே அது கைவிடும். மின்முனைகளும் சீக்கிரம் அரித்துப் போகும், உப்பு ஏறும்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எம்.எஸ்சி. மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு ஒளியியல் கேட்டு வரும்போதெல்லாம் இந்தச் சென்சாரைத்தான் கையில் கொடுக்கிறேன். 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளாஸ்டிக் ஒளி இழை, ஒரு சிவப்பு எல்இடி, இரண்டு ஒளி உணரிச் சில்லுகள் இருந்தால் போதும். முனையில் மின்சாரமே கிடையாது, உலோகமும் கிடையாது. அரிக்க எதுவும் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்சாரை நுணுக்கமானதாக ஆக்குவது சுலபம். அது உப்பை மட்டும் அளக்கும்படி, வெயிலையும் அழுக்கையும் எல்இடியின் சூட்டையும் சேர்த்து அளக்காதபடி பார்த்துக்கொள்வதுதான் வேலை. கீழே வரும் செய்முறையில் பாதிக்கு மேல் அதற்காகத்தான்.

வளைத்தால்தான் பார்க்கும்

இழையின் உள்ளகம் பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். ஒளிவிலகல் எண் 1.492. அதன்மேல் சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமனில் ஃப்ளோரின் கலந்த பாலிமர் உறை இருக்கும், அதன் எண் 1.405 அளவில். ஒளி உள்ளகத்துக்குள் முழு அக எதிரொளிப்பால் தட்டித் தட்டி ஓடும். இந்த இரண்டு எண்களுக்கும் மாறுநிலைக் கோணம் 70.3 டிகிரி. சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கும் கோணம் இது, இதற்குக் குறைந்த கோணத்தில் மோதினால் ஒளி வெளியே போய்விடும். அதாவது இழைக்குள் நிலைத்து ஓடும் கதிர் எதுவும் சுவரில் 70.3 டிகிரிக்கும் கூடுதலான கோணத்தில்தான் படுகிறது.

இப்போது உறையை உரித்துவிட்டு உப்புநீரில் முக்குகிறோம். நல்ல தண்ணீரின் எண் 1.333, 10 சதவீத உப்புநீர் 1.3505, 20 சதவீதம் 1.3684, தெவிட்டிய நிலையில் 1.38 அளவு. 1.38-க்குக்கூட மாறுநிலைக் கோணம் 67.7 டிகிரிதான். உள்ளே ஓடும் கதிர்கள் எல்லாம் அதைவிடப் பெரிய கோணத்தில் படுவதால் ஒன்றும் வெளியே போகாது. நேரான இழைக்கு உப்புநீர் தெரியவே தெரியாது! உறையை உரித்து நேராக முக்கிவிட்டு ‘மாற்றமே இல்லையே சார்’ என்று வரும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன்.

அதனால் வளைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கம்பியைச் சுற்றி இழையை யூ வடிவில் வளைத்தால், வளைவின் உள்விளிம்பு மையத்திலிருந்து 3 மில்லிமீட்டரில் இருக்கும், வெளிவிளிம்பு 4-இல். இழையின் அச்சுக்கு இணையாக வந்த கதிர்கள் இப்போது வெளிச்சுவரில் ஏறத்தாழ 49 டிகிரியிலிருந்து 90 வரை பல கோணங்களில் மோதும். காற்றில் இருக்கும்போது மாறுநிலைக் கோணம் 42 டிகிரிதான் என்பதால் எல்லாம் உள்ளேயே திரும்பிவிடும். தண்ணீரில் அது 63.3 ஆகிறது. அதற்குக் குறைவான கோணத்தில் மோதும் கதிர்கள் வெளியே ஒழுகும். உப்பு ஏற ஏற இந்த எல்லை 67.7 வரை நகரும், இன்னும் கொஞ்சம் ஒழுகும். இழையைத் தட்டையான பட்டையாக எண்ணித் தோராயமாகக் கணக்கிட்டால், நல்ல தண்ணீருக்கும் தெவிட்டிய உப்புநீருக்கும் நடுவே மறுமுனைக்கு வரும் ஒளி சுமார் 30 சதவீதம் குறையும். 25 டிகிரி போமேக்கு 30 சதவீதம் என்றால் ஒரு டிகிரி போமேக்கு 1.2 சதவீதம் அளவு.

முழுதாகத் திரும்பும் கதிரும்கூடச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. அதன் மின்காந்தப் புலம் வெளியே எட்டிப் பார்த்து, வேகமாகத் தேய்ந்து மறைகிறது. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி தண்ணீரை 70 டிகிரியில் தொட்டால் அந்த ஆழம் கிட்டத்தட்ட கால் மைக்ரோமீட்டர். இதுதான் மறையும் புலம். உயிர் மருத்துவத்தில் பயன்படும் அலைவழி (ஒளியை வழிநடத்தும் நுண்பாதை) சென்சார்கள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. நமக்கு இது ஒரு எச்சரிக்கை. வளைவின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஏறினாலே, சென்சார் பாத்தியை விட்டுவிட்டு அந்தப் படலத்தை அளக்கத் தொடங்கிவிடும்.

டிகிரிக்கு 1.2 சதவீதம் என்பது 2 வோல்ட் அளவீட்டில் 24 மில்லிவோல்ட். மின்னழுத்தத்தை எண்ணாக்க நாம் பயன்படுத்தப்போகும் சில்லு 0.125 மில்லிவோல்ட் வரை பிரித்துச் சொல்லும். நூறில் ஒரு பங்கு டிகிரிகூடப் பார்க்கலாம் போலிருக்கிறதே என்று மகிழ்ச்சி வரும். ஆனால் சிவப்பு எல்இடி 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதன் வெளிச்சம் அரை சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. காலை ஏழு மணிக்கும் நண்பகலுக்கும் நடுவே எல்இடி இருக்கும் பெட்டி 15 டிகிரி செல்சியஸ் சூடேறினால், பாத்தியில் ஒரு சொட்டு நீர் மாறாமலேயே 7, 8 டிகிரி போமே பொய்யாகக் காட்டும்.

உலகம் எங்கே போயிருக்கிறது

இந்தத் துறையில் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த முன்னேற்றங்களைப் பார்த்தால், பெரிய ஆய்வகங்களும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகின்றன என்பது தெரியும்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் 2007-இல் சிலிக்கான் சில்லின்மேல் செதுக்கிய நுண்வளைய சென்சாரைக் காட்டியது. சில மைக்ரோமீட்டர் ஆரமுள்ள வளையத்தில் ஒளி சுற்றிச் சுற்றி வரும். மேற்பரப்பில் புரதம் ஒட்டினால், வளையம் ஒத்திசையும் அலைநீளம் துளி நகரும். ஒளி ஒரே மூலக்கூறுப் படலத்தைத் திரும்பத் திரும்பத் தொடுவதால், சின்ன இடத்தில் பெரிய நீளத்தின் பலன் கிடைக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2004-இல் வந்த பிளவு அலைவழி இன்னொரு நல்ல யோசனை. இரண்டு சிலிக்கான் பட்டைகளுக்கு நடுவே சன்னமான பிளவு விட்டு, ஒளியை அந்தப் பிளவிலேயே குவியச் செய்கிறார்கள். அளக்க வேண்டிய நீர் அங்கேதான் நிற்கும் என்பதால் ஒளி சிலிக்கானுக்குள் வீணாவதில்லை. ஸ்பெயினின் நவார்ரா பொதுப் பல்கலைக்கழகத்தில் இழையின்மேல் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு போன்ற படலங்களைப் பூசி, தங்கத்துக்குப் பதிலாக அவற்றின் ஒத்திசைவைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் நாட்டிலும் சென்னை ஐஐடியிலும் மும்பை ஐஐடியிலும் இதே யூ வளைவு இழையின்மேல் தங்க நானோத்துகள்களையும் எதிர்ப்பொருள்களையும் ஒட்டி உயிர் சென்சார்களைச் செய்கிறார்கள். நீங்கள் மேஜையில் செய்யப்போகும் வளைவுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு.

இன்னொரு கிளை, இழைக்குள் ஒளிவிலகல் எண்ணைக் கோடு கோடாக மாற்றி எழுதும் பிராக் கீற்றணி. கனடாவில் கென் ஹில் 1978-இல் கண்டது. பாலங்களிலும் அணைகளிலும் இன்று பதித்திருப்பது அதன் வாரிசுகளைத்தான். கீற்றணி திருப்பி அனுப்பும் அலைநீளம், 1550 நானோமீட்டரில், ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 பிக்கோமீட்டர் நகரும். நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இழுபட்டால் 1.2 பிக்கோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலத்தின் இழுவிசையை அளக்கப்போய் வெயிலை அளந்துவிட்டு வருவது எவ்வளவு சுலபம்! அதனால்தான் இழுவிசை படாத இன்னொரு கீற்றணியைப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். சிலிக்கான் வளையச் சில்லிலும் நீர் படாமல் மூடிய ஒரு வளையம் ஒப்பீட்டுக்காக இருக்கும். நாம் வைக்கப்போகும் இரண்டாவது இழையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எத்தனை நுணுக்கம் என்ற எண்ணைத் தேடும் முன்பு ஒப்பீட்டுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். கட்டுரையின் தரம் அங்கே தெரிந்துவிடும்.

பொருள்கள்

1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழை அலங்கார விளக்குக் கடைகளில் கிடைக்கும், கூரையில் நட்சத்திரம் போலப் பதிக்க விற்கிறார்கள். பக்கவாட்டில் ஒளிரும் வகையை வாங்காதீர்கள், முனையில் மட்டும் ஒளிரும் வகை வேண்டும். உறைக்கும் வெளியே கறுப்பு மேலுறை போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. எல்இடி 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பு. இதற்கு இரண்டு காரணம். பிஎம்எம்ஏ இழையில் ஒளி குறைவாக வீணாகும் அலைநீளங்களில் 650 பக்கம் ஒன்று இருக்கிறது. அதைவிட முக்கியம், செறிவு ஏறிய பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக மாறும், பார்த்திருப்பீர்கள். உப்பில் வாழும் நுண்ணுயிர்களின் கரோட்டினாய்டு நிறமி அது. நீலத்தையும் பச்சையையும் விழுங்கும். பச்சை எல்இடி போட்டால் உப்போடு சேர்த்து அந்த நிறமியையும் அளப்பீர்கள். சிவப்புக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஒளியை வாங்க ஓபிடி101 என்ற சில்லு இரண்டு. ஒளி டையோடும் பெருக்கியும் ஒன்றாகவே உள்ளே இருப்பதால் இரைச்சல் குறைவு. மின்னழுத்தத்தை எண்ணாக்க ஏடிஎஸ்1115, அதைப் படிக்க ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்னப் பலகை). நீரின் வெப்பநிலைக்கு நீர்புகா டிஎஸ்18பி20 உணரி. எல்இடிக்கு மாறாத மின்னோட்டம் தர எல்எம்317 சீராக்கிச் சில்லும் 62 ஓம் மின்தடையும், 20 மில்லிஆம்பியர் வரும். இந்தச் சுற்றுக்கு 5 வோல்ட் போதாது, 9 அல்லது 12 வோல்ட் கொடுங்கள். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் வாங்கலாம்.

வளைப்பது

இரண்டு இழைகளையும் ஒரே நீளத்தில் வெட்டுங்கள், 2 அல்லது 3 மீட்டர் போதும். வெட்டப் புது பிளேடு வேண்டும். கத்தரிக்கோல் முனையை நசுக்கிவிடும். அப்புறம் முனைகளை 1000, 2000 எண் உப்புத்தாளில் நீர் விட்டு, எட்டு எழுதுவது போலச் சுழற்றித் தேயுங்கள். முனையை வெளிச்சத்தில் பிடித்தால் வட்டம் முழுக்க ஒரே சீராக ஒளிர வேண்டும். நிலாப்பிறை போல ஒரு பக்கம் இருண்டிருந்தால் இன்னும் தேயுங்கள்.

வளைக்கும் இடத்தில் மேலுறையை 3 சென்டிமீட்டருக்கு உரித்துவிடுங்கள். 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியில் இழையை யூ வடிவில் சுற்றி, இரண்டு கால்களையும் நூலால் கட்டி, 80 டிகிரி செல்சியஸ் நீரில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கொதிநீரில் போட்டால், நீட்டி இழுத்துச் செய்த பிளாஸ்டிக் என்பதால் சுருங்கி உருக்குலையும். பிறகு கம்பியோடு சேர்த்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். கட்டை அவிழ்த்தால் கால்கள் லேசாக விரியும், அது சகஜம். நன்றாக விரிந்தால் இன்னொரு முறை சூடாக்குங்கள்.

சின்னக் கம்பியில் வளைத்தால் நுணுக்கம் கூடும் என்று தோன்றும். கூடும்தான். ஆனால் ஒளியும் மளமளவென்று குறையும், பிளாஸ்டிக்கும் சீக்கிரம் வெடிக்கும். 6 மில்லிமீட்டரில் நில்லுங்கள்.

உறை நீக்குவது

இங்கே அவசரப்பட வேண்டாம். அசிட்டோன் ஊற்றினால் உறை போய்விடும் என்று சொல்வார்கள். அது உள்ளகத்தையும் கரைக்கும், வளைவில் மிச்சமிருக்கும் அழுத்தத்தால் நுண்விரிசல் விடும். விரிசல் விட்ட வளைவு பார்க்கப் பனி படர்ந்தது போல இருக்கும், அதைத் திருத்த முடியாது. சில ஆய்வகங்களில் எத்தில் அசிட்டேட் வைத்து நீக்குகிறார்கள். கைப்பழக்கம் வந்த பிறகு அதை முயன்று பார்க்கலாம்.

தொடக்கத்துக்கு 2000 எண் உப்புத்தாள் போதும். வளைவில் ஒளி வெளிச்சுவரைத் தழுவிக்கொண்டுதான் ஓடுகிறது. அதனால் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தால் போதும், உள்பக்கம் கை போகாத இடத்தில் சிரமப்பட வேண்டாம். நீர் விட்டு, விரலின் பாரம் மட்டும் கொடுத்து, வளைவின் ஓட்டத்திலேயே தேயுங்கள். இடையிடையே ஒரு முனையில் சிவப்பு ஒளியைக் கொடுத்து, வளைவை நீரில் முக்கிப் பாருங்கள். உறை போகப் போக, நீர் பட்ட நொடியில் வளைவு பளிச்சென்று ஒளிரும், வெளியே எடுத்தால் மங்கும். மறுமுனையில் நேர்மாறாக நடக்கும். இந்த வேறுபாடு மேற்கொண்டு கூடாத இடத்தில் நிறுத்துங்கள். மாணவர்கள் இதைப் பார்க்கும்போது கண்கள் விரிவதைப் பார்த்திருக்கிறேன். முழு அக எதிரொளிப்பு என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது அங்கே கைக்கெட்டும் தூரத்தில் ஒழுகிக்கொண்டிருக்கும்.

ஒளியும் சுற்றும்

எல்இடியின் குவிந்த தலையைத் தட்டையாகத் தேய்த்து, இரண்டு இழைகளின் முனைகளையும் ஒட்டி வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். எபாக்சி பசை வைத்து அசையாமல் உறுதியாக்குங்கள். ஒரே எல்இடி, இரண்டு இழை, இதுதான் அடிப்படை. ஒன்று வளைவு வழியாகப் போய்த் திரும்பும். மற்றது அதோடு கூடவே அதே குழாயில் போய், நீரைத் தொடாமல், அகலமான ஒரு சுற்றுப் போட்டுத் திரும்பும். ஒவ்வொன்றின் மறுமுனையும் ஒரு ஓபிடி101 முன்னால், கறுப்புக் குழாயால் மூடி. இரண்டு அளவீடுகளையும் வகுத்தால் வரும் எண்ணைத்தான் நாம் நம்பப்போகிறோம். எல்இடி சூடேறினாலும் மங்கினாலும் மேலும் கீழும் ஒரே விகிதத்தில் மாறி, வகுத்தலில் கழிந்துவிடும்.

அடுத்தது வெளிவெளிச்சம். உரித்த வளைவு ஒளியை வெளியே விடுவது போல உள்ளேயும் விடும். நடுப்பகல் உப்பளத்தில் கண் கூசும் வெயில் ஓபிடி101 வரை வந்து சேரும். அதனால் எல்இடியை அணைத்து ஒரு அளவு, ஏற்றி ஒரு அளவு, கழித்தால் மிஞ்சுவது நம் ஒளி மட்டும். எல்இடியின் கீழ்க்காலில் ஒரு 2என்7000 டிரான்சிஸ்டர் வைத்து ஆர்டுயினோ அதை இயக்கட்டும். ஆய்வகத்தில் குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்கும் என்பதால், ஒவ்வொரு அளவையும் 100 மில்லிவினாடிக்குச் சராசரி எடுங்கள். பத்து மினுக்கல் முழுதாக அடங்கிக் கழியும். இப்படி அணைத்து ஏற்றி பத்துச் சுற்று, அதன் சராசரியை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தால் போதும். பாத்தி நீர் அவ்வளவு அவசரமாக மாறுவதில்லை.

வெயில் மிகுந்து ஓபிடி101 உச்சவரம்பில் முட்டி நின்றுவிட்டால் கழித்தல் பலிக்காது. 5 வோல்ட் கொடுத்தால் அதன் வெளியீடு 4 வோல்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். அணைத்த நிலையிலேயே 1 வோல்டுக்கு மேல் வருகிறது என்றால் வளைவுக்கு நிழல் போதவில்லை என்று அர்த்தம்.

அளவு பிடிப்பது

உப்பின் அளவு தெரிந்த கரைசல்களில் அளந்து, சென்சாரின் எண்ணை அதோடு பொருத்திக்கொள்வதுதான் அளவு பிடிப்பது. பொடி உப்பில் கட்டி சேராமலிருக்க ஏதாவது கலந்திருப்பார்கள், நீர் கலங்கும். ஆய்வக சோடியம் குளோரைடு அல்லது கழுவிக் காயவைத்த கல் உப்பு எடுங்கள். 5 கிராம் உப்பு 95 கிராம் நீர், 10-க்கு 90 என்று எடையில்தான் கலக்க வேண்டும், அளவுக் குவளையில் அல்ல. 25 வரை போங்கள். அதற்கு மேல் 26 சதவீதம் சொச்சத்தில் உப்பு கரையாமல் அடியில் நிற்கும், அதுவே ஒரு நல்ல குறிப்புப் புள்ளி.

கலந்தவுடன் அளக்காதீர்கள். நீருக்குள் குட்டிக் குமிழிகள் இருக்கும், வளைவில் ஒட்டும். குமிழி இருக்கும் இடத்தில் காற்றுதான் இருக்கிறது என்பதால் மறுமுனைக்கு வரும் ஒளி சட்டென்று ஏறும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, வளைவைச் சாய்வாக இறக்குங்கள். ஒவ்வொரு கரைசலுக்கும் நடுவே நல்ல தண்ணீரில் முக்கி, அந்த எண்ணையும் குறித்துவையுங்கள். நல்ல தண்ணீர் எண் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பினால்தான் உங்கள் சென்சார் சென்சார். திரும்பவில்லை என்றால் அடுத்த கரைசலுக்குப் போகாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் இழையின் கால் அசைந்திருக்கும், இல்லை வளைவில் ஏதோ ஒட்டியிருக்கும்.

வரைகோடு நேர்கோடாக வராது, லேசாக வளையும். இருபடிக் கோவை ஒன்றைப் பொருத்தினால் போதும். அப்புறம் ஒரே ஒரு கரைசலை எடுத்து 25, 35, 45 டிகிரி செல்சியஸில் அளந்து பாருங்கள். நீரின் ஒளிவிலகல் எண் டிகிரிக்கு 0.0001 அளவு குறையும், பிஎம்எம்ஏயுடையதும் அதே அளவில் குறையும். இரண்டும் ஒரே பக்கம் இறங்குவது நமக்கு வாய்த்த நன்மை, ஒரு பகுதி தானாகவே கழிந்துவிடும். மிஞ்சுவதை டிஎஸ்18பி20 சொல்லும் வெப்பநிலையை வைத்துத் திருத்துங்கள்.

ஒரு விஷயம். சோடியம் குளோரைடில் பிடித்த அளவு உண்மையான பாத்தி நீருக்கு அப்படியே பொருந்தாது. அதில் மெக்னீசியமும் சல்பேட்டும் இருக்கின்றன, 25-ஐத் தாண்டிய பிறகு அவற்றின் பங்கு ஏறிக்கொண்டே போகும். ஆகவே கடைசி அளவு பாத்தி நீரிலேயே, கண்ணாடி மிதவையைப் பக்கத்தில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். உப்பளக்காரர்கள் நம்பும் எண் அதுதான், நம் எண் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

பாத்தியில்

அரை அங்குல பிவிசி குழாயின் அடியில் பக்கவாட்டில் துளைகள் போட்டு, வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளே பொருத்துங்கள். குழாயே நிழலும் தரும். எபாக்சி வைத்து அடைக்கும்போது மேலுறை உள்ள பகுதியில் மட்டும் வையுங்கள். உரித்த இடத்தில் எபாக்சி பட்டால், அதன் ஒளிவிலகல் எண் உள்ளகத்தைவிடக் கூடுதல் என்பதால் ஒளி எல்லாம் அங்கேயே வெளியேறிவிடும், பாத்திக்கு மிச்சம் இருக்காது. இழைகளைத் தரையில் தளர விடாதீர்கள், குழாயோடு கட்டுங்கள். வழியில் யாராவது மிதித்து வளைந்தால் அதுவும் அளவில் தெரியும்.

முனை எப்போதும் நீருக்குள் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காய்ந்தால் நொடியில் உப்பு பூத்துவிடும். முள்ளக்காடு பக்கம் ஒரு அளத்தில் நாங்கள் சோதித்தபோது அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, ‘கம்பியில உப்பு ஏறிருச்சு தம்பி, கழுவிட்டுப் பாருங்க’ என்றார். எண் கூடுதலாகக் காட்டுகிறது என்பதை அவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பாத்தியைப் பார்த்துச் சொன்னார். இப்போது தினம் காலையில் முனையை ஒரு குவளை நல்ல தண்ணீரில் முக்கி அந்த எண்ணைக் குறிப்பது எங்கள் பழக்கம். உப்பாக இருந்தால் அதிலேயே கரைந்து எண் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் அது ஜிப்சம். ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் சொச்சம்தான் கரையும், இரவு முழுக்க நிறைய நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தடவுங்கள். வினிகர் உதவாது, ஜிப்சம் சுண்ணாம்பு மாதிரி அமிலத்துக்கு இளகாது. உப்புத்தாளை மறுபடி எடுக்கவே கூடாது. மேற்பரப்பு மாறினால் பிடித்த அளவு எல்லாம் பழசாகிவிடும்.

அப்படியும் போகவில்லை என்றால் முனையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். விலை சொற்பம்தான். இதற்காகவே ஒரே நாளில் ஏழெட்டு வளைவுகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் அளவு பிடித்து, கால்களில் எண் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வளைவின் கோவை இன்னொன்றுக்குப் பொருந்தாது, கையால் தேய்த்தவை அல்லவா.

இந்தச் சென்சாரை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கிணற்று நீர் உப்பாகிறதா என்று பார்க்கக் கேட்டு வருகிறார்கள். லிட்டருக்கு 1, 2 கிராம் உப்பு என்பது ஒளிவிலகல் எண்ணில் 0.0002, 0.0003 அளவு மாற்றம்தான். இரண்டு மூன்று டிகிரி வெயில் அதை விழுங்கிவிடும். அங்கே மின்கடத்து மானிதான் சரி, விலையும் குறைவு. உடன்குடி பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் பதநீர் காய்ச்சும்போது பாகின் பதம் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பதநீராக இருக்கும் வரை முடியும், சர்க்கரைக் கரைசலும் 10 சதவீதத்தில் 1.348, 20-இல் 1.364 என்று அழகாக ஏறும். ஆனால் 40 சதவீதத்தைத் தாண்டும்போது எண் 1.40-ஐத் தொட்டு, இழை உறையின் எண்ணுக்குச் சமமாகிவிடும். ஒளி வேறு விதமாக ஒழுகத் தொடங்கும், கோவை பலிக்காது. பாகு கொதிக்கும் சூட்டைப் பிஎம்எம்ஏ தாங்காது. அதற்குக் கண்ணாடி இழை வேண்டும், அதை வளைக்கத் தீச்சுடர் வேண்டும், செய்முறையும் முழுக்க வேறு.